பூனைக்குட்டியின் பஞ்சாங்கம்

பிறந்து ஒரு கிழமைகூட ஆகாத பூனைக்குட்டிக்கு நடுங்கத் தெரியாது. குளிர்ந்தால் தசைகளை உதறிச் சூடு உண்டாக்கும் வித்தை அதன் உடலுக்கு இன்னும் வந்துசேரவில்லை. சுமார் 100 கிராம் எடை, மூடிய கண், மடிந்து அடைத்த காது. தாயின் மடியைத் தேட மூக்கும், சூடு எந்தப் பக்கம் என்று உணரும் முகத்தோலும் மட்டுமே அதற்குத் துணை. மழைக்கு ஒதுங்கிய வைக்கோற்போருக்குள்ளோ, கடைவாசலில் யாரோ வைத்துவிட்டுப் போன அட்டைப் பெட்டிக்குள்ளோ இப்படி ஒரு குட்டியைக் கண்டெடுப்பவர்கள் உடனே பாலுக்கு ஓடுகிறார்கள். முதலில் வேண்டியது பால் அல்ல, சூடு.

வளர்ந்த பூனையின் உடல் வெப்பம் 38 முதல் 39 பாகை செல்சியஸ். புதிதாய்ப் பிறந்த குட்டிக்கு அது 36ஐ ஒட்டியே இருக்கும்; தாயும் உடன்பிறப்புகளும் இல்லாவிட்டால் இன்னும் இறங்கிவிடும். உடல் குளிர்ந்தால் குடலின் அசைவு தளரும். அந்த நேரத்தில் புகட்டிய பால் செரிக்காமல் தேங்கும். மேலேறி நுரையீரலுக்குள்ளும் போய்விடலாம். முதல் கிழமையில் குட்டியைச் சுற்றி ஏறக்குறைய 30 பாகை சூடு இருக்கவேண்டும். எங்கள் வவுனியாவின் பகலுக்கு அது பெரிய காரியமில்லை. மார்கழி, தை மாத இரவுகளிலோ வெப்பம் 22 பாகை வரை இறங்கும். போர்வையை இழுத்துக்கொண்டு நாம் சுகமாக நித்திரைகொள்ளும் அந்தக் குளிர், தனித்துவிடப்பட்ட குட்டிக்கு உயிர்ப்பிரச்சினை. சுடுதண்ணி நிரப்பிய போத்தலைப் பழைய சாரத்தில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வைக்கவேண்டும். மறுபக்கம் வெறுமையாக இருந்தால்தான், சூடு மிஞ்சும்போது குட்டி தானே ஊர்ந்து விலகமுடியும். நான்காம் கிழமைக்குள் அதன் உடலே இந்த வேலையைப் பொறுப்பெடுத்துவிடும்.

குட்டியின் உடலில் இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு காலம் உண்டு. கண் திறக்க, மனிதருடன் பழக, இறைச்சி தின்ன, தடுப்பூசி பலிக்க, இனம்பெருக்க என்று தனக்கென ஒரு பஞ்சாங்கத்துடனேயே அது பிறக்கிறது. சில நேரங்கள் தவறினால் திரும்ப வருவதில்லை. பொறுப்பாகப் பூனை வளர்ப்பது என்பதன் பெரும்பகுதி இந்தக் காலங்களை அறிந்துவைத்திருப்பதுதான்.

குட்டியைத் தூக்குமுன் ஒரு கேள்வி: அது உண்மையிலேயே அநாதையா? தாய்ப்பூனை இரை தேடப் போயிருக்கலாம். குட்டிகளை ஒவ்வொன்றாக வேறிடம் மாற்றிக்கொண்டும் இருக்கலாம். குட்டி சூடாக, வயிறு நிரம்பி, சத்தமின்றிக் கிடந்தால் தூர நின்று சில மணிநேரம் பார்ப்பதே நல்லது. வவுனியாவை உள்ளடக்கிய வன்னியில் இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொள்கிறது: அது வீட்டுப்பூனையின் குட்டிதானா? இங்கே குளக்கரைகளில் மீன்பிடிப்பூனையும், புதர்க்காடுகளில் காட்டுப்பூனையும் உண்டு. உலகின் மிகச் சிறிய பூனையினங்களுள் ஒன்றான துருப்புள்ளிப் பூனையும் இலங்கைக் காடுகளில் வாழ்கிறது. புதுச்சேரியில் கிடைத்த ஒன்றைக்கொண்டு 1831இல் பிரெஞ்சு விலங்கியலாளர் ஒருவர் அறிவியலுக்கு அறிமுகப்படுத்திய இனம் அது. முழுதாய் வளர்ந்தாலும் ஒன்றரைக் கிலோவைச் சுற்றியே நிற்கும். காட்டோர வயலில் புள்ளியும் கோடும் கொண்ட குட்டியைக் கண்டால் வீட்டுக்குக் கொண்டுவராமல் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவிக்கவேண்டும்.

வீட்டுப்பூனைக் குட்டிதான், தாயும் வரவில்லை என்று உறுதியானபின் பாலுக்கு வருவோம். தேநீருக்குக் கரைக்கும் பால்மா குட்டிக்கு ஆகாது. தாய்ப்பூனையின் பாலில் உள்ள புரதமும் கொழுப்பும் பசுப்பாலில் உள்ளதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. அந்தக் குறையை ஈடுசெய்யப் பசுப்பாலைக் கூடுதலாகப் புகட்டினால், அதிலுள்ள லாக்டோஸ் என்னும் பாற்சீனி குடலுக்கு மிஞ்சிப்போய் வயிற்றால் போகத் தொடங்கும். 100 கிராம் உடலில் இழக்கத் தண்ணீர் அதிகம் இல்லை. பூனைக்குட்டிகளுக்கென்றே விற்கும் பால்மாவைக் கால்நடை வைத்தியரிடம் கேட்டு வாங்குவது பாதுகாப்பு. குழந்தையைப்போல் மல்லாத்திப் புகட்டக்கூடாது. தாயிடம் குடிப்பதுபோலக் குப்புறக் கிடந்தே குடிக்கவேண்டும். குடித்தபின் இளஞ்சூட்டுத் தண்ணியில் நனைத்த பஞ்சால் பின்புறத்தை மெல்லத் தடவிவிடவேண்டும். முதல் மூன்று கிழமைகள் தாய் நக்கிவிட்டால்தான் குட்டிக்கு மலசலம் போகும். நாளாந்தம் ஒரே நேரத்தில் சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்க்கலாம். நாளுக்கு 10 முதல் 15 கிராம்வரை ஏறினால் நல்ல வளர்ச்சி. ஏறாமல் நின்றால் வைத்தியரிடம் போகவேண்டும்.

முதலிரு கிழமைகளுக்குள் கண் திறக்கும். எல்லாக் குட்டிக்கும் அப்போது நீலக் கண்தான். உண்மை நிறம் பிறகு வரும். கண் திறந்ததோடு பார்வை முழுமையாகிவிடுவதில்லை. அமெரிக்காவின் ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரியில் டேவிட் ஹியூபெலும் டோர்ஸ்டன் வீசலும் 1960களில் பூனைக்குட்டிகளைக்கொண்டே இதைக் காட்டினார்கள். முதல் மாதங்களில் ஒரு கண் மூடப்பட்டிருந்த குட்டிக்குப் பிறகு அதைத் திறந்துவிட்டாலும் அந்தக் கண்ணால் பார்க்க முடியவில்லை. கண்ணில் பழுதில்லை; அந்தக் கண்ணுக்குரிய இடத்தை மூளை மற்றக் கண்ணுக்குக் கொடுத்துவிட்டது. வளர்ந்த பூனையின் கண்ணை அதேயளவு காலம் மூடினாலும் இப்படி நடக்கவில்லை. 1981இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பிறவியிலேயே கண்புரையுள்ள மனிதக் குழந்தைக்கு ஏன் காலம் தாழ்த்தாமல் அறுவைச் சிகிச்சை செய்யவேண்டும் என்பதை விளங்கவைத்ததிலும் அந்தக் குட்டிகளுக்குப் பங்குண்டு.

மனிதர்மேல் நம்பிக்கை வைப்பதற்கும் அப்படியொரு காலம் உண்டு. அமெரிக்க ஆய்வாளர் ஐலீன் கார்ஷ் 1980களில் செய்த ஆய்வுகளின்படி, அது ஏறத்தாழ இரண்டாம் கிழமையில் தொடங்கி ஏழாம் கிழமையோடு முடிகிறது. அந்த நாட்களில் மனிதக் கை படாத குட்டி பிறகு நம்மை ஏற்றுக்கொள்ள நெடுங்காலமும் பெரும் பொறுமையும் வேண்டும். ஒருவர் மட்டும் தூக்குவதைவிடப் பலர் தூக்குவது நல்லது. அம்மம்மாவின் மடி, பள்ளிக்கூடம் விட்டுவந்த பிள்ளையின் கை, குக்கர் விசில், கோயில் ஒலிபெருக்கி எல்லாவற்றையும் அந்த வயதில் பயமின்றிச் சந்தித்த குட்டிக்குப் பிறகு வீட்டில் எதுவும் அந்நியமாக இராது. தாயும் உடன்பிறப்புகளும் இருந்தால் எட்டுக் கிழமையாவது அவற்றுடன் விடவேண்டும். விளையாட்டில் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதை உடன்பிறப்பிடமிருந்துதான் அது படிக்கிறது.

நான்காம் கிழமையில் பால்பற்களோடு கெட்டி உணவு தொடங்கும். நம் வீடுகளில் பூனைச் சாப்பாடு என்றால் மீன்குழம்பு விட்டுப் பிசைந்த சோறு. பூனை தின்னும், தின்பதால் அது போதும் என்றாகாது. டோரின் என்ற பொருளை நம் உடல் தானே ஆக்கிக்கொள்கிறது. பூனையின் உடலால் தேவைக்குப் போதிய அளவு ஆக்கமுடியாது. அது இறைச்சியிலும் மீனிலும் இருந்து வரவேண்டும். டோரின் குறைந்தால் பூனையின் விழித்திரை அழியும் என்பது 1975இல் தெரியவந்தது. 1987இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் அடுத்ததைக் கண்டார்கள்: இதயம் வீங்கித் தளர்ந்து இறந்துகொண்டிருந்த பூனைகளுக்கு டோரின் கொடுத்தபோது இதயம் தேறியது. கடைகளில் விற்கும் பூனை உணவில் டோரின் சேர்ப்பது அதற்குப்பின் உறுதியானது. வீட்டில் சமைப்பவர் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு: டோரின் தண்ணீரில் கரையும். சூடை மீனை அவித்து முள்ளை எடுத்துக் கொடுத்துவிட்டு, அவித்த தண்ணியைக் கொட்டினால் சத்தின் ஒரு பங்கும் போய்விடும். அந்தத் தண்ணியையும் சேர்த்தே வைக்கவேண்டும். உப்பு, தூள், வெங்காயம், உள்ளி எதுவும் கூடாது. வெங்காயமும் உள்ளியும் பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும். இனிப்பு அதற்குத் தெரியவே தெரியாது. இனிப்பை உணரும் மரபணு பூனைக் குடும்பத்தில் பழுதாகிக் கிடப்பதை 2005இல் கண்டறிந்தார்கள்.

இறைச்சி மட்டுமே தின்று வந்த பரம்பரை பூனையின் கல்லீரலிலும் ஒரு தடம் பதித்திருக்கிறது. தாவரங்களிலுள்ள பல நச்சுப்பொருட்களைக் கழித்துவிடும் நொதியொன்று நம்மிடம் நன்றாக வேலைசெய்கிறது. பூனையிடம் அதன் மரபணு செயலிழந்துவிட்டது. பச்சிலை தின்னாத பிராணிக்கு அது தேவைப்படவில்லை என்பது ஆய்வாளர் கருத்து. நம் காய்ச்சலுக்குப் போடும் பனடோல், அதாவது பரசிற்றமோல், பெரும்பாலும் அதே வழியால்தான் கழிய வேண்டும். பூனைக்கு அந்த வழி அடைபட்டிருப்பதால் மருந்து நஞ்சாக மாறி இரத்தம் ஒட்சிசன் சுமக்கும் வல்லமையை இழக்கும். முரசு மண்ணிறமாகும், முகம் வீங்கும். ஒரேயொரு குளிசை ஒரு பூனையைக் கொல்லப் போதும். நாய் உண்ணிக்குப் பூசும் பெர்மெத்ரின் மருந்தும், டெட்டோல் போன்ற கிருமிநாசினிகளும் அதேபோல் ஆபத்து. கார்த்திகை மாதத்தில் வேலியோரம் பூக்கும் கார்த்திகைப்பூவின் கிழங்கிலும் கொடியிலும் உள்ள கொல்சிசினும் நஞ்சு; அந்தப் பூவைச் சாடியில் வைக்கும் வீட்டில் குட்டி எட்டாத உயரம் பார்க்கவேண்டும்.

அடுத்தது தடுப்பூசி. ஓர் ஊசி போட்டால் போதாதா, ஏன் திரும்பத் திரும்ப என்று பலரும் கேட்பதுண்டு. பிறந்த முதல் நாளில் குடிக்கும் சீம்பாலில் தாயின் எதிர்ப்புச் சக்தி குட்டிக்கு வந்துசேரும். அதை உறிஞ்சும் குடலின் வாசல் ஒரு நாளுக்குள் அடைபட்டுவிடும். கிடைத்த அந்தக் காவல் கிருமியைத் தடுப்பதோடு தடுப்பூசியையும் எதிரியென்று எண்ணிச் செயலிழக்கச் செய்துவிடும். ஒரு குட்டிக்கு அது எட்டாம் கிழமையில் மறையும், இன்னொன்றுக்குப் பதினாறாம் கிழமைவரை நிற்கும். மறையும் நாளை வெளியிலிருந்து அறியமுடியாது. அதனால்தான் ஆறு முதல் எட்டுக் கிழமைக்குள் தொடங்கி, மூன்று நான்கு கிழமைக்கு ஒருமுறை, பதினாறாம் கிழமைவரை போடுகிறார்கள். வயிற்றால் போகவைத்துக் குட்டிகளைக் கொல்லும் பன்லூக்கோபீனியா வைரசு வீட்டின் நிலத்தில் ஒரு வருடம்வரைகூட உயிர்ப்போடு இருக்கும். முன்பு ஒரு குட்டி வயிற்றால் போய் இறந்த வீட்டுக்குப் புதுக்குட்டி வருமுன் ஊசி முடிந்திருக்கவேண்டும்.

விசர்நோய்த் தடுப்பூசி பன்னிரண்டாம் கிழமையளவில் வரும். விசர் என்றால் நாயென்றே நினைக்கிறோம். பூனைக்கும் வரும், பூனை கடித்தும் மனிதருக்கு வரும். கடியோ கீறலோ பட்டால் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணியில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆசுப்பத்திரிக்குப் போகவேண்டும். அறிகுறி தோன்றியபின் அந்த நோய்க்கு மருந்தில்லை.

ஊசி முடிந்தாலும் பூனையை உள்ளேயே வைத்திருப்பது நல்லது. யன்னலும் விறாந்தையும் திறந்தே கிடக்கும் வவுனியா வீட்டில் அது எப்படி முடியும்? ஒரேநாளில் முடியாது. யன்னலுக்குக் கம்பிவலை, குசினிக் கதவுக்கு ஒரு மறைப்பு, கூரைக்கும் சுவருக்கும் இடையிலான வெளிக்கு ஒரு தகடு என்று கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யவேண்டியதுதான். ஏ9 வீதியின் லொறி, தெருநாய்க் கூட்டம், கண்ணாடி விரியன் எல்லாம் வெளியே இருக்கின்றன. பூனை வெளியே போனால் அணிலும் ஓணானும் தவிட்டுக்குருவியும் சாகும். வேட்டை அதற்குப் பசிக்காக மட்டுமல்ல; வயிறு நிரம்பினாலும் வேட்டையாடும். ஆகவே வேட்டையை வீட்டுக்குள் கொண்டுவரவேண்டும். விடியலிலும் மைம்மலிலும் பூனைக்கு உற்சாகம் பொங்கும். அப்போது கயிற்றில் கட்டிய துணித்துண்டை இழுத்து விளையாட்டுக் காட்டி, முடிவில் அதைப் பிடிக்கவிட்டு, பிடித்ததும் சாப்பாடு வைக்கவேண்டும். ஏறி இருக்க அலுமாரியின் மேல்தட்டு, நகம் கீறச் சணல்கயிறு சுற்றிய தென்னங்குற்றி, ஒதுக்குப்புறத்தில் ஒரு மணல்தட்டு. தட்டைத் தினமும் சுத்தஞ்செய்வது மணத்துக்காக மட்டுமல்ல. டொக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி பூனையின் மலத்தோடு வெளிவந்தபின் தொற்றும் நிலைக்கு வர ஒன்று முதல் ஐந்து நாள் எடுக்கும். அன்றன்றே அள்ளினால் அதற்கு அந்த அவகாசம் கிடைக்காது. கர்ப்பிணிகள் அந்த வேலையை வேறொருவரிடம் விடவேண்டும்.

பஞ்சாங்கத்தின் கடைசித் திகதி ஐந்தாம் மாதம். இன்னும் குட்டியென்று நாம் கொஞ்சும் அந்த வயதுக்குள் பெண்பூனை கருத்தரிக்கமுடியும். பூனையின் பருவத்தைத் தூண்டுவது பகலின் நீளம். லண்டனில் குளிர்காலப் பகல் எட்டு மணிநேரத்துக்குச் சுருங்கும்போது பூனைகளின் இனப்பெருக்கம் ஓய்ந்துவிடும். வவுனியாவில் ஆண்டு முழுவதும் பகல் பன்னிரண்டு மணிநேரத்திலிருந்து முக்கால் மணிக்குமேல் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. இங்கே பூனைக்கு ஓய்வு மாதம் கிடையாது. கர்ப்பம் 65 நாள், ஓர் ஈற்றுக்கு நான்கு குட்டியளவில். பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்ததும் உண்டாகும். முட்டை தானாக வெளிவருவதில்லை, இணைசேர்வதுதான் அதைத் தூண்டுகிறது. ஆகவே கடுவனைச் சந்தித்தால் பெரும்பாலும் குட்டிதான்.

அந்த ஐந்தாம் மாதத்துக்குள் கால்நடை வைத்தியரிடம் கருத்தடைச் சிகிச்சை செய்துவிட்டால் பெண்பூனைக்கு மார்புப் புற்றுநோய் அபாயமும் வெகுவாகக் குறையும்; கடுவனுக்கு ஊர்சுற்றுவதும் சண்டையும் சுவரில் மூத்திரம் பீச்சுவதும் குறையும். பூனையை உள்ளே வைத்திருப்பது அதற்குப்பின் எவ்வளவு இலகு என்று செய்தவர்களுக்குத் தெரியும். பாலையும் ஊசியையும் மறக்காதவர்கள்கூட இந்தத் திகதியைத்தான் தவறவிடுகிறார்கள். குட்டி வீட்டுக்கு வந்த அன்றே அதைக் கலண்டரில் குறித்துவைத்தால், உரப்பையில் குட்டிகளைக் கட்டிக்கொண்டு சந்தைப் பக்கம் போகவேண்டிய வேலை அந்த வீட்டுக்கு ஒருநாளும் வராது.