முகவையில் போட்டதும் படிகத்தில் வந்ததும்

அமினோ அமிலங்களுள் மிக எளியது கிளைசின். அதையும் சமையல் உப்பான சோடியம் குளோரைடையும் சம மூலக்கூறு விகிதத்தில் நீரில் கரைத்து, முகவையைத் துளையிட்ட தாளால் மூடி வைத்துவிடுவோம். நீர் மெல்ல ஆவியாக, சில நாட்களில் தெளிவான படிகங்கள் தோன்றும். அவற்றுக்கு என்ன பெயரிடுவது? 'கிளைசின் சோடியம் குளோரைடு' என்று சொல்லத்தான் தோன்றும். இரண்டையும் போட்டோம் அல்லவா?

ஆனால் வளரும் படிகம் தன் அடுக்கில் பொருந்தும் மூலக்கூறுகளை மட்டுமே ஏற்கும். மற்றவை கரைசலிலேயே தங்கிவிடும். இங்கு வருவது பெரும்பாலும் வெறும் கிளைசின்தான். ஆயினும் ஒரு வேடிக்கை உண்டு. தூய நீரில் கிளைசின் 'ஆல்ஃபா' வகைப் படிகமாக வளரும். உப்பு கலந்த நீரிலோ 'காமா' வகை தோன்றும். இரண்டிலும் மூலக்கூறு ஒன்றே. அடுக்கு முறைதான் வேறு. காமா வகைக்குச் சமச்சீர் மையம் இல்லை. எனவே 1064 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர் ஒளி அதன்மேல் பட்டால் 532 நானோமீட்டர் பச்சை ஒளி பிறக்கும். ஆல்ஃபா வகை இதைச் செய்யாது. பச்சை ஒளியைக் கண்ட மாணவர் புதுச் சேர்மம் கிடைத்ததாகவே நம்பிவிடுவார். பிறகு கடினத்தன்மை, மின்காப்புப் பண்பு என்று மாதக்கணக்கில் அளவீடுகள் நடக்கும். இத்தகைய தவறான பெயர்கள் ஆய்விதழ்களில் அச்சாகிப் பின்னர் மறுக்கப்பட்டதும் உண்டு.

அகச்சிவப்பு நிறமாலை இங்கு அதிகம் உதவாது. வழக்கமான அளவெல்லையில் உப்பு ஒளியை உட்கவர்வதில்லை. கிளைசினின் பட்டைகளே தெரியும். சுடர்ச் சோதனையும் ஏமாற்றும். படிகத்தின் மேல் ஒட்டிய துளி உப்புநீரே சுடரை மஞ்சளாக்கப் போதும்!

எக்ஸ்-கதிர் ஆய்வில் அலகுக்கூட்டின் அளவுகள் தெரிந்துவிடும். காமா கிளைசினுக்கு அவை ஏறத்தாழ 7.04, 7.04, 5.48 ஆங்ஸ்ட்ராம். பெயரிடுமுன் இவற்றை ஒப்பிட வேண்டும். இதற்குக் குறுக்குவழி இல்லை என்பதே என் கருத்து.

எக்ஸ்-கதிர்க் கருவி இல்லாத கல்லூரியில் ஒரு தராசும் புடக்குகையும் போதும். ஒன்றுக்கொன்றாக இணைந்த சேர்மமானால் அதன் எடையில் நூற்றுக்கு 44 பங்கு உப்பு. மேற்பரப்பைத் துடைத்த படிகம் ஒரு கிராம் எடுத்து, உப்பு உருகும் 801 பாகை செல்சியசுக்கு வெகுவாகக் கீழே வைத்துக் கரி முழுதும் எரியும்வரை சூடாக்குங்கள். 0.44 கிராம் உப்பு மிஞ்சவேண்டும். ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சாவிட்டால் அது கிளைசின்தான்.

கிளைசின் எதனோடும் சேராது என்று கொள்ளவேண்டாம். 1956இல் ஃபெர்ரோ மின்பண்பு கண்டறியப்பட்ட டிரைகிளைசின் சல்பேட்டு உண்மையான சேர்மமே. மூன்று கிளைசினுக்கு ஒரு கந்தக அமிலம் என்ற கணக்கில், இரண்டும் அதன் அலகுக்கூட்டில் தத்தம் இடத்தில் அமர்ந்திருப்பதை எக்ஸ்-கதிர் காட்டுகிறது.