பொய்ப்பூச்சித் தூண்டில்: அன்றும் இன்றும்

சிக்பேட்டையில் நூலும் ஜரிகையும் விற்றே என் காலம் போயிற்று. பிறப்பால் தமிழ்ச் சமணன். மீன் சமாச்சாரம் எங்கள் வீட்டு வாசற்படி ஏறாது. அப்படிப்பட்டவன் தூண்டிலைப் பற்றி எழுதலாமா என்று அன்பர்கள் கேட்கக்கூடும். எழுத நேர்ந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1984 என்று நினைவு. குடகில் காபித் தோட்டம் வைத்திருந்த பெரியவர் ஒருவர் கடைக்கு வந்தார். மெல்லிய பட்டு நூலும் தட்டையான ஜரிகையும் கேட்டார், அதுவும் பத்தே கஜம். "பத்து கஜத்துல என்ன சார் நெய்யப் போறீங்க?" என்றேன். சட்டைப் பையிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்துத் திறந்தார். உள்ளே வரிசையாக முப்பது பூச்சிகள். எல்லாம் இறகு, பட்டு, ஜரிகை வைத்துக் கட்டியவை. "காதுல போடற தொங்கட்டானா சார்?" என்று கேட்டுவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே ஒன்றைத் திருப்பிக் காட்டினார். வயிற்றுக்கு அடியில் இரும்பு முள் இருந்தது.

சரக்கைக் கொடுத்தேன், காசை வாங்கிப் போட்டேன். ஆனால் மனசு ஆறவில்லை. கொலைக் கருவியைப் பிறர் கையில் கொடுப்பதும் இல்லறத்தானுக்கு ஆகாது என்பது எங்கள் சிராவக ஒழுக்க நூல்களின் விதி. பட்டு நூல் கொலைக் கருவியா? இந்தக் கேள்விக்கு விடை தேடப் போய்த்தான் கிடைத்த புத்தகங்களையெல்லாம் படித்தேன்.

நம் நாட்டுத் தூண்டில்

தூண்டில் நமக்குப் புதிதல்ல. இரும்பு முள்ளில் கோத்த இரையை விழுங்கிய வரால் குளத்தைக் கலக்கிப் பாய்வதை அகநானூற்றின் 36-ஆம் பாட்டு காட்டுகிறது. நாம் குடியிருக்கும் இந்தக் கன்னட நாட்டிலோ, கல்யாணியிலிருந்து ஆண்ட சாளுக்கிய அரசன் மூன்றாம் சோமேசுவரன் 12-ஆம் நூற்றாண்டில் சமஸ்கிருதத்தில் இயற்றிய மானசோல்லாசத்தில் மீன் பிடிப்பதற்கென்றே ஒரு பகுதி வைத்திருக்கிறான். கோல், கயிறு, முள், எந்த மீனுக்கு எந்த இரை என்பதெல்லாம் அதில் உண்டு.

ஆனால் இவையெல்லாம் தின்னும் இரையைக் கோக்கும் தூண்டில்கள். இறகாலும் நூலாலும் பூச்சி செய்து மீனை ஏமாற்றுவது வேறு வித்தை. சுமார் 1800 ஆண்டுகளுக்கு முன் ரோமாபுரியில் வாழ்ந்த ஏலியன், மாசிடோனியர்கள் முள்ளில் சிவப்புக் கம்பளி சுற்றிச் சேவல் இறகு வைத்து மீன் பிடித்ததை எழுதியிருக்கிறார். இங்கிலாந்தில் 1496-ல் அச்சான ஒரு தூண்டில் நூல் பன்னிரண்டு வகைப் பொய்ப்பூச்சிகளைச் சொல்கிறது. இங்கிலீஷில் இதன் பெயர் ஃப்ளை ஃபிஷிங்.

வித்தை எங்கே இருக்கிறது?

சாதாரணத் தூண்டிலில் ஈயக் குண்டு கட்டி வீசுகிறோம். குண்டின் கனம் கயிற்றை இழுத்துக்கொண்டு போகும். பொய்ப்பூச்சிக்கோ கனமே கிடையாது, ஊதினால் பறக்கும். ஆகவே இங்கே கயிற்றையே கனமாகச் செய்து, கோலைச் சாட்டை மாதிரி முன்னும் பின்னும் வீசுகிறார்கள். கயிறு பூச்சியைச் சுமந்துபோய்த் தண்ணீர் மேல் மெல்ல இறக்குகிறது. கயிற்றுக்கும் பூச்சிக்கும் நடுவே மீன் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நுனி இழை ஒன்று வேண்டும். நீர் மேல் மிதப்பது உலர் பூச்சி, உள்ளே மூழ்குவது ஈரப் பூச்சி.

கட்டும் முறையை அந்தப் பெரியவரே என் கல்லாப் பெட்டி மேல் செய்து காட்டினார். முள்ளைச் சின்ன வைஸில் இறுக்கி, மெழுகு தடவிய பட்டு நூலைத் தண்டில் நெருக்கமாகச் சுற்ற வேண்டும். பின்பக்கம் இரண்டு மூன்று இழை வைத்தால் வால். மயிற்பீலியின் ஓர் இழையைச் சுற்றினால் உடம்பு. அதன் மேல் இடைவெளி விட்டு ஜரிகை சுற்றினால் பூச்சியின் வயிற்று வளையம். சேவல் கழுத்து இறகைக் குறுக்கே சுற்றினால் மயிர்கள் சிலிர்த்து நின்று கால்களாகிவிடும். கடைசியில் தலைமுடிச்சு, அதன் மேல் ஒரு சொட்டு வார்னிஷ். நெசவாளிகள் நடுவே வளர்ந்த எனக்கு அந்த விரல் வேகம் ஆச்சரியமாக இருந்தது.

சாமான் போன வழி

படிக்கப் படிக்க எனக்குத் தெரிந்தது, இந்தச் சீமைப் பொழுதுபோக்குக்குச் சாமான் கொடுத்தவர்களில் நாமும் உண்டு என்பது. 19-ஆம் நூற்றாண்டில் மூங்கிலைப் பிளந்து, ஆறு பட்டைகளை ஒட்டிக் கோல் செய்தார்கள். அதற்கு முதலில் போனது கல்கத்தா மூங்கில் என்ற பெயரில் நம் ஊர்க் கல்மூங்கில். பிறகுதான் சீனத்து டோங்கின் மூங்கில் அந்த இடத்தைப் பிடித்தது.

நம் மலைக்காடுகளில் மேயும் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து இறகில் மெழுகால் பொட்டு வைத்தது போலப் பளபளக்கும் புள்ளி உண்டு. பொய்ப்பூச்சிக்கு அது கண் போல அமையும். ஜாக் ஸ்காட் முதலான பேர்பெற்ற சால்மன் பூச்சிகளுக்கு அது இல்லாமல் முடியாது. அதற்காக எத்தனை சேவல்களின் கழுத்துத் தோல் கப்பலேறியிருக்கும்!

நுனி இழையின் கதைதான் எனக்கு நெஞ்சை உறுத்தியது. ஸ்பெயினில் மூர்சியா பக்கம், கூடு கட்டும் தறுவாயில் இருக்கும் பட்டுப்புழுவைக் காடியில் போட்டுக் கொன்று, அதன் பட்டுச் சுரப்பியை இழுத்து நீட்டி இழையாக்கினார்கள். ஒரு மீனைப் பிடிக்க முதலில் ஒரு புழு சாக வேண்டியிருந்தது.

இன்று இதில் பெரும்பகுதி மாறிவிட்டது. புழுவின் இழை போய் நைலான் வந்தது. பட்டுக் கயிறு போய் பிளாஸ்டிக் பூசிய கயிறு வந்தது. மூங்கில் போய்க் கண்ணாடி இழை, 1970-களில் கார்பன் இழை. காட்டுக்கோழிக்கு நம் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் பாதுகாப்புக் கொடுத்தது. இப்போது வெளிநாடுகளில் பண்ணையில் வளர்த்த பறவையின் இறகுதான் விலைக்குக் கிடைக்கிறது. செயற்கை இழைகளும் ஏராளம். முள்ளிலும் எதிர்முள் இல்லாத ரகம் வந்துவிட்டது, பிடித்த மீனை அதிகம் கிழிக்காமல் திருப்பி விடுவதற்காக.

ஆனாலும் ஆசை அடங்கிவிட்டது என்று சொல்ல முடியாது. 2009-ல் இங்கிலாந்தில் டிரிங் என்ற ஊர் அருங்காட்சியகத்தில் ஓர் இசை மாணவன் புகுந்து 299 பறவைத் தோல்களைத் திருடினான். பழைய சால்மன் பூச்சி கட்டத் தேவையான இறகுகளுக்காகத்தான். இயற்கை அறிஞர் வாலஸ் சேகரித்த பறவைகளும் அதில் போயின.

நீலகிரியும் காவிரியும்

நம் பக்கத்தில் பொய்ப்பூச்சிக்கு ஏற்ற இடம் நீலகிரி. அங்குள்ள டிரவுட் மீன் நம் மீனல்ல, வெள்ளைக்காரர் கொண்டுவந்து விட்டது. பல தடவை தோற்றபின் எச். சி. வில்சன் முயற்சியில் 1907-ல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் ஏற்பட்டது.

காவிரியில் கதாநாயகன் மஹசீர். மெட்ராஸ் சிவில் சர்வீஸைச் சேர்ந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-ல் வெளியிட்ட இந்தியத் தூண்டில் நூலில் அதற்குத்தான் முதல் மரியாதை. 1946-ல் மைசூர் வான் இங்கன் குடும்பத்தவர் ஒருவர் கபினியில் பிடித்தது 120 ராத்தல்! சின்ன மஹசீர் பொய்ப்பூச்சிக்கு வரும். பெரியதற்குக் காவிரிக்கரையில் வைத்தது நம் ராகி மாவு உருண்டைதான்.

1972-ல் பெங்களூரில் தொடங்கிய தென்னிந்திய வனவிலங்குச் சங்கம் காவிரியின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்து, வெடி வைத்து மீன் பிடிப்பவர்களைக் காவலாள் போட்டுத் தடுத்தது. பீமேஸ்வரி, கலிபோர், தொட்டமாக்களி முகாம்களில் பிடித்த மீனை எடை பார்த்து, நோட்டில் எழுதி, ஆற்றிலேயே விட்டார்கள். பின்னர், சரணாலயத்துக்குள் தூண்டில் போடுவதும் வேட்டைதான் என்று சட்டம் கொள்ளப்பட்டதால் அது நின்றது.

அந்த நோட்டுகள் வீண் போகவில்லை. கலிபோரில் 1998 முதல் 2012 வரை எழுதிய கணக்கை ஆராய்ந்தவர்கள், காவிரிக்கே உரிய திமில் மஹசீர் அருகிப்போய், வெளியிலிருந்து குஞ்சு விட்டுப் பெருகிய நீலத் துடுப்பு மஹசீர் அதன் இடத்தைப் பிடித்ததை 2015-ல் எடுத்துக்காட்டினார்கள். திமில் மஹசீர் எது என்பது 2018-ல்தான் அறிவியல்படி தீர்மானமாயிற்று: தோர் ரெமாதேவியே. அதே ஆண்டு அது அழிவின் விளிம்பில் உள்ள இனமாகப் பட்டியலில் ஏறியது. நல்லெண்ணத்தோடு விட்ட குஞ்சும் கேடாக முடியலாம் என்பது இதில் நமக்குப் பாடம்.

என் விடை

எங்கள் திகம்பர முனிவர்கள் கையில் மயிற்பீலி இருக்கும். மயில் தானாக உதிர்த்த பீலி அது. உட்காரும் இடத்தில் சின்ன எறும்பும் நசுங்கக் கூடாது என்று அதனால் மெல்ல ஒதுக்குவார்கள். அதே பீலிதான் முள்ளில் சுற்றினால் மீனுக்குப் பூச்சியாகிறது. பீலி மேல் குற்றமில்லை, பட்டு மேலும் இல்லை. எதற்கு என்று கேட்காமல் விற்ற என் மேல்தான் கொஞ்சம் உண்டு.

சில வருஷம் கழித்துப் பெரியவர் மறுபடி வந்தார். எதிர்முள்ளை அரத்தால் ராவிவிட்டதாகவும், எந்த மீனையும் கொல்வதில்லை என்றும் சொன்னார். "இப்பவாவது உமக்குச் சம்மதமா?" என்று கேட்டார். "வலி வலிதானே சார்" என்றேன். அவர் கோபிக்கவில்லை. முள்ளை வெட்டி எடுத்துவிட்ட பூச்சி ஒன்றைக் கொடுத்துப் போனார். இன்னும் கல்லாவில் இருக்கிறது.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தூண்டிலே தொடாத நான் அந்த மீனுக்காக எதுவும் செய்ததில்லை. தூண்டில் போட்டவர்கள் காவலும் போட்டார்கள், கணக்கும் வைத்தார்கள். பெங்களூரில் நாம் குடிப்பது காவிரித் தண்ணீர். அந்த ஆற்றில் கடைசித் திமில் மஹசீர் செத்தால், கொல்லாமை பேசும் நாமும் அதற்குக் கணக்குச் சொல்ல வேண்டியவர்களே.