கடலடிப் புதையல் யாருக்கு? – 8: பாகப்பிரிவினைக்கு வந்த கடல்

பிசான நடவு முடிந்து சில வாரங்களில் தென்காசி உரக்கடைகளில் கூட்டம் கூடிவிடும். சிற்றாற்றுப் பாசன வயல்களுக்கு மேலுரம் போடும் சமயம் அது. ஆதார் எண்ணைச் சொல்லி, கருவியில் பெருவிரலை வைத்து வாங்கும் யூரியா மூட்டையில் எடை 45 கிலோ, விலை 266 ரூபாய் 50 காசு என்று அச்சிட்டிருக்கும். அப்படி ஒரு மூட்டை யூரியாவைத் தயாரிக்க ஏறக்குறைய ஒரு எம்எம்பிடியு (எரிவாயுவை விற்கும் வெப்ப அளவு) இயற்கை எரிவாயு செலவாகிறது. அந்த ஒரு எம்எம்பிடியுவின் விலை 2.34 டாலரா, 4.20 டாலரா என்பதற்காகத்தான் அம்பானி சகோதரர்கள் உச்ச நீதிமன்றம்வரை போனார்கள்.

காக்கிநாடாவுக்கு அப்பால், வங்கக் கடலில் உள்ள கேஜி-டி6 என்ற கிருஷ்ணா-கோதாவரிப் படுகைப் பகுதியை 2000-ல் ரிலையன்ஸ் கூட்டணிக்கு மத்திய அரசு ஒதுக்கியது. 2002-ல் அங்கே எரிவாயு கிடைத்தது. அதே ஆண்டு ரிலையன்ஸை நிறுவிய திருபாய் அம்பானி காலமானார். மகன்களுக்குள் தகராறு முற்றி, தாயார் கோகிலாபென் முன்னிலையில் 2005 ஜூனில் பாகம் பிரித்தார்கள். எண்ணெய்த் தொழில் அண்ணன் முகேஷுக்கு. மின்சாரம், தொலைபேசி தம்பி அனிலுக்கு. அனிலின் நிறுவனத்துக்கு நாளொன்றுக்கு 2.8 கோடி கன மீட்டர் எரிவாயு, 2.34 டாலர் விலையில், 17 ஆண்டுகளுக்குத் தருவது என்பதும் அந்த ஏற்பாட்டில் அடக்கம். அரசு நிறுவனமான என்டிபிசியின் ஏலத்தில் 2004-ல் ரிலையன்ஸே கேட்ட விலை அது.

2007-ல் மத்திய அரசு 4.20 டாலர் விலைக்கு ஒப்புதல் தந்தது. அதற்குக் குறைத்துத் தர முடியாது என்றார் அண்ணன். குடும்பத்தில் ஒப்புக்கொண்டதைக் கொடு என்றார் தம்பி. 2009 ஜூனில் மும்பை உயர் நீதிமன்றம் தம்பி பக்கம் நின்றது.

இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. கடலடிக் கனிமம் ஒன்றியத்தின் உடைமை என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 297-ஆம் பிரிவு. எடுத்துத் தரும் ஒப்பந்ததாரர் குடும்பம் அதைத் தன் வீட்டுச் சொத்துபோலப் பங்கு போட்டு, நாட்டுக்குக் காட்டாத ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டது. 2010 மே 7-ல் உச்ச நீதிமன்றம் இதைத் திருத்தியது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் ஈரோடு மாவட்டத்துக்காரரான நீதிபதி பி.சதாசிவம். குடும்ப ஒப்பந்தம் நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது, விலையையும் யாருக்கு விற்பது என்பதையும் முடிவு செய்யும் அதிகாரம் அரசுக்கே உண்டு என்றது தீர்ப்பு.

நல்ல தீர்ப்பு. ஆனால் மக்கள் சொத்து மக்களிடம் வந்துசேரக் குழாய் வேண்டும். 2008-லேயே, இந்த எரிவாயு முதலில் உர ஆலைகளுக்கு என்று அமைச்சர்கள் குழு வரிசை வகுத்திருந்தது. காக்கிநாடாவிலிருந்து புறப்பட்ட குழாயோ சுமார் 1,400 கிலோமீட்டர் மேற்கே ஓடி குஜராத்தின் பரூச்சில் முடிந்தது. சென்னைக்கும் தூத்துக்குடிக்கும் போடுவதாகச் சொன்ன குழாய்களை ரிலையன்ஸ் குழுமம் போடவில்லை. தென்காசிக்குப் பக்கத்து உர ஆலையான தூத்துக்குடி ஸ்பிக், விலை கூடிய நாப்தாவிலேயே ஓடியது. ராமநாதபுரத்திலிருந்து 143 கிலோமீட்டர் குழாய் வழியாக எரிவாயு வந்தது 2021-ல்தான். அதுவும் கேஜி-டி6 எரிவாயு அல்ல. விலை வித்தியாசம் விவசாயி தலையில் விழவில்லை, மூட்டை விலையை அரசு கட்டிவைத்திருப்பதால். மானியமாக அதைக் கட்டியது நம் வரிப்பணம்.

தீர்ப்பு வந்த சூட்டிலேயே இன்னொரு சங்கதி. நாளுக்கு 8 கோடி கன மீட்டர் எடுப்போம் என்று சொல்லியிருந்த ரிலையன்ஸ், 6 கோடியைக் கொஞ்சம் தாண்டியதோடு சரி. பிறகு உற்பத்தி சரசரவென்று இறங்கியது. அடுத்து இருந்த பகுதி அரசு நிறுவனமான ஓஎன்ஜிசியுடையது. எங்கள் எரிவாயு அந்தப் பக்கம் போகிறது என்று அது முறையிட்டது. வரப்புக்கு அந்தப் பக்கம் ஆழமாக போர் போட்டவன் தோட்டத்தில் தண்ணீர் கொட்டும்போது இந்தப் பக்கத்துக் கிணறு வற்றுவதைக் கடையம், பாவூர்ச்சத்திரம் பக்கத்து விவசாயிகளுக்கு விளக்க வேண்டியதில்லை. பூமிக்கு அடியில் வரப்பு கிடையாது. இரு தரப்பும் ஏற்றுக்கொண்ட அமெரிக்க ஆய்வு நிறுவனமான டிகோலியர் அண்ட் மெக்நாட்டன், சுமார் 1,100 கோடி கன மீட்டர் அப்படி நகர்ந்திருப்பதாக 2015-ல் அறிக்கை தந்தது.

நகர்ந்ததை எடுத்தது குற்றமா? 2016-ல் நீதிபதி ஏ.பி.ஷா குழு, அரசுக்கு ஈடு தர வேண்டும் என்றது. அரசு 155 கோடி டாலர் கேட்டது. 2018-ல் நடுவர் மன்றம் ரிலையன்ஸ் பக்கம். 2023-ல் டெல்லி உயர் நீதிமன்றத் தனி நீதிபதியும் அதே பக்கம். 2025 பிப்ரவரி 14-ல் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அந்த இரண்டையும் ரத்து செய்தது. அடுத்த மாதம் அரசு அனுப்பிய கேட்புத் தொகை 281 கோடி டாலர். ரிலையன்ஸ் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

இந்தப் பணம் வந்தாலும் ஆந்திரக் கடற்கரைக்குத் தனிப் பங்கு கிடையாது. நிலத்தில் எடுத்தால் ராயல்டி மாநிலத்துக்கு, கடலில் எடுத்தால் மத்திய அரசுக்கு என்பதே நம் ஏற்பாடு. துளைபோடும் கடலில் வலைவீசும் மீனவருக்கும் அதில் இடமில்லை. இதை மாற்றாமல், கடலடி எரிவாயு மக்கள் சொத்து என்று சொல்வதை நான் முழுசாக ஏற்கமாட்டேன்.

2011-ல் இலங்கைப் பக்கத்து மன்னார்ப் படுகையில் கெய்ர்ன் நிறுவனம் எரிவாயு கண்டுபிடித்த கதை அடுத்த வாரம்.

(தொடரும்)