கால்வாய் ஓரத்துக் கடைத்தெரு

நம் பூனாவிலும் கால்வாய் இருக்கிறது. கடக்வாஸ்லா அணையில் இருந்து ஊருக்குள் வந்து ஹடப்சர் பக்கம் போகிறது. அது வயலுக்கும் குடிநீருக்கும் வெட்டியது. அதில் படகு போகாது.

கேரளத்தில் ஆலப்புழை என்று ஓர் ஊர். அங்கே கால்வாய் வெட்டியதே சரக்குக்காகத்தான்.

அப்போது அது திருவிதாங்கூர் ராஜ்யம். ராஜா கேசவதாஸ் என்ற திவான் அங்கே துறைமுகத்தை வளர்த்தார். ஒரு பக்கம் கடல். மறு பக்கம் வேம்பநாட்டு ஏரி. இரண்டுக்கும் நடுவே இரண்டு கால்வாய்கள் வெட்டினார்கள். மலையில் இருந்து மிளகும் ஏலக்காயும் வரும். ஏரி வழியாகக் கொப்பரையும் கயிறும் வரும். படகு கடை வாசலுக்கே வந்து நிற்கும். தலைச்சுமை மிச்சம் பாருங்கள்! கட்ச், பம்பாய் வியாபாரிகள்கூட அங்கே குடியேறினார்கள். 1859இல் கயிற்றுப்பாய் தொழிற்சாலை வந்தது. 1862இல் கலங்கரை விளக்கம் எரிந்தது.

பிறகு ஏன் கெட்டது? கொச்சியில் ஆழமான துறைமுகம் கட்டினார்கள். பெரிய கப்பல்கள் அங்கே போயின. சரக்கு லாரியில் ஏறியது. 1989க்குப் பிறகு ஆலப்புழைக்குக் கப்பல் வரவில்லை. படகு வராத கால்வாயை யார் கவனிப்பார்கள்? சாக்கடையும் குப்பையும் அதில் விழுந்தன. ஆகாயத் தாமரை மூடியது.

ஊர்க் குப்பையை லாரியில் ஏற்றிப் பக்கத்துக் கிராமத்தில் கொட்டி வந்தார்கள். 2012இல் அந்தக் கிராமத்து மக்கள் லாரியை மறித்தார்கள். அவர்கள் செய்ததில் என்ன தப்பு? நாற்றம் அவர்கள் வீட்டில் அல்லவா அடித்தது! குப்பை ஆலப்புழைத் தெருவிலேயே குவிந்தது.

அதன் பிறகுதான் வழி பிறந்தது. வீட்டுக் குப்பையை வீட்டிலேயே உரமாக்கினார்கள். தெருவில் காற்றுப் புகும் பெட்டிகள் வைத்தார்கள். காய்ந்த இலை ஒரு அடுக்கு, சாணம் ஒரு அடுக்கு, மீன் கழிவும் காய்கறிக் கழிவும் ஒரு அடுக்கு. சுமார் 3 மாதத்தில் உரம் ஆகிவிடும். 2017இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு குப்பையைச் சரியாகக் கையாளும் 5 நகரங்களைச் சொன்னது. அதில் ஆலப்புழையும் ஒன்று.

அதே ஆண்டு கால்வாய் வேலையும் தொடங்கியது. மாணவர்கள் வீடு வீடாகப் போனார்கள். எந்த வீட்டுக் கழிவுநீர் எங்கே விழுகிறது என்று குறித்தார்கள். சேற்றை மட்டும் அள்ளினால் போதாது. கழிவுநீர் விழுவது நிற்காவிட்டால் மறுபடி சேறுதான்.

பழைய கட்டடங்களை மியூசியமாக மாற்றும் வேலையைக் கேரள அரசு எடுத்துக்கொண்டது. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் எனக்கு அந்தக் குப்பைப் பெட்டிதான் பெரிதாகப் படுகிறது. நாற்றம் அடிக்கிற கால்வாய் ஓரத்தில் யார் நின்று சாமான் வாங்குவார்கள்?