அழைத்தால் ஓடிவர வேண்டுமா?

திருவண்ணாமலையில், பெங்களூர் நோக்கிப் பேருந்துகளும் லாரிகளும் ஓயாது விரையும் செங்கம் சாலையில், ஒரு மாலைப்பொழுது நம் வீட்டு நாய் கயிற்றை உருவிக்கொண்டு ஓடிவிட்டது. சாலையின் நடுவே நின்று நம்மைத் திரும்பிப் பார்த்தது. பெயர் சொல்லி அழைத்தோம்; வாலை ஆட்டியது, ஆனால் வரவில்லை. உரக்க அழைத்தோம், காதுகளை மடித்துக்கொண்டு இரண்டடி பின்வாங்கியது. அவ்வேளையில் வந்த வேன் ஒன்று அதன் பின்னங்காலை முறித்துவிட்டுச் சென்றது.

அழைத்தும் அது ஏன் வரவில்லை? விடை நமக்குத் தெரிந்தே இருந்தது. ஒரு வாரத்திற்கு முன்பு கொடியில் காய்ந்த வேட்டியை அது இழுத்துக் கிழித்திருந்தது. பெயர் சொல்லி அழைத்தோம். ஓடி வந்தது. அடித்தோம். வேட்டியைக் கிழித்ததற்கே அடித்தோம் என்று நாம் எண்ணினோம். அழைத்தவுடன் வந்ததற்கே அடி கிடைத்தது என்று அது கற்றுக்கொண்டது.

இதே ஊர் மலைமேல், கந்தாசிரமத்தில், இரமண மகரிஷி 1916 முதல் 1922 வரை வாழ்ந்தார். அங்கே கமலா என்றொரு நாய் குட்டியாக வந்து சேர்ந்தது. ஆண்டுதோறும் குட்டிகள் ஈன்று இடத்தை நிறைத்துவிடுமே என்று உடனிருந்தவர்கள் விரட்டியும் அது போகவில்லை. புதிதாக வந்த ஒருவரை மலையைச் சுற்றி அழைத்துச் செல்லுமாறு மகரிஷி சொன்னால், கமலா அவரை ஒவ்வொரு குளத்திற்கும் சந்நிதிக்கும் கூட்டிச் செல்லுமாம். ஆர்தர் ஆஸ்பர்ன் 1954-இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றில் இச்செய்தியைக் காண்கிறோம். நாய்களை 'அது' என்னாமல் 'அவன்', 'அவள்' என்றே மகரிஷி குறிப்பிடுவார் என்றும், ஆசிரமத்தில் முதலில் நாய்களுக்கே உணவு இடப்பட்டது என்றும் அவர் எழுதியுள்ளார். கமலாவிற்கு அந்தக் குரல் என்றும் நன்மையையே கொண்டுவந்தது. பின் ஏன் செவிசாய்க்காது?

ருஷ்ய நாட்டு அறிஞர் பாவ்லவ் கண்டதும் இதற்கு அணித்தானதே. உணவு கொண்டுவரும் பணியாளரைக் கண்டமாத்திரத்தில் நாய்களின் வாயில் உமிழ்நீர் ஊறியது. எதனை அடுத்து எது வருகிறது என்பதையே நாய் நினைவில் கொள்கிறது. நாம் இடும் பெயரும் அதற்கு ஓர் அடையாள ஒலியே.

ஆகவே, பழக்கும் முறை எளியது. அழைக்கும் சொல் ஒன்றாகவே இருக்கட்டும். வீட்டார் அனைவரும் அதனையே சொல்லட்டும். முதலில் வீட்டிற்குள், இரண்டடி தொலைவில் குந்தி அமர்ந்து, இனிய குரலில் ஒரே முறை அழையுங்கள். வந்தவுடன் வேகவைத்த முட்டைத் துண்டோ, இட்லி விள்ளலோ கொடுத்துத் தடவிக்கொடுங்கள். நாள்தோறும் சில நிமிடங்கள் போதும். பின்னர் தொலைவைக் கூட்டுங்கள். முற்றத்திலும் வெளியிலும் பழக்கும்போது 30 அடி நீளக் கயிறு கழுத்துப் பட்டையில் இருக்கட்டும். அது காவலுக்கேயன்றி இழுப்பதற்கன்று. வராவிடில் பத்து முறை கூவாதீர்கள், அழைப்பு வெற்றொலியாகிவிடும். துரத்தவும் வேண்டாம், எதிர்த்திசையில் நீங்கள் ஓடுங்கள், பெரும்பாலும் அது பின்தொடரும்.

வந்த நாயை உடனே கட்டிவிடாமல் மீண்டும் விளையாட விடுங்கள். குளிப்பாட்டவும் மருந்து கொடுக்கவும் அழைக்காதீர்கள். நீங்களே அதனிடம் செல்லுங்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, எவ்வளவு தாமதமாக வந்தாலும், வந்த நாயை ஒருபோதும் அடிக்காதீர்கள்.

நம் நாய்க்குக் கால் கூடிற்று, ஆயினும் நொண்டுகிறது. அடிபட்ட அப்பெயரை விடுத்து, புதிய சொல் ஒன்றால் முதலிலிருந்து பழக்கினோம். தயங்காமல் ஓடிவர நான்கு மாதங்கள் ஆயின. இன்று அது நொண்டியவாறே ஓடிவரும்போது, மகிழ்வதோடு சற்று வெட்கமும் கொள்கிறோம்.

நம் பிள்ளைகளையும் நாம் பெயர் சொல்லித்தான் அழைக்கிறோம் என்பதை வாசகர்கள் மறவாதிருப்பார்களாக.