தாயின் உயிரும் கருவின் உயிரும்

யாழ்ப்பாண நகருக்கு வடமேற்கே, சங்கானைக்கும் இளவாலைக்கும் இடையில் அமைந்த பண்டத்தரிப்பைச் சரித்திர மாணவர் இரு காரணங்களால் அறிவர். ஒன்று, பறங்கியர் காலத்தில் எழுந்து ஒல்லாந்தர் காலத்திலும் நிலவிய அதன் பழைய தேவாலயம். மற்றது, 1820ஆம் ஆண்டில் அங்கு வந்து தங்கிய டாக்டர் யோன் ஸ்கடர். நியூயோர்க் நகரில் நல்ல வருவாயோடு வைத்தியம் பார்த்து வந்த அவர், அதனைத் துறந்து மனைவியோடு கப்பலேறி வந்து, இவ்வூரில் நோயாளருக்கு மருந்து கொடுக்கத் தொடங்கினார். அமெரிக்க தேசத்திலிருந்து வைத்திய ஊழியத்துக்கென்று புறநாடு வந்த மிசனரிமாருள் அவரே முதல்வர் என்பர்.

இவ்வூர்ப் பெயரை நாம் இங்கு எடுத்தது பழம் பெருமை பேசுவதற்காக அன்று. வீட்டுத் திண்ணைகளிற் குரலைத் தாழ்த்தியும், மாணவர் விவாத அரங்குகளிற் குரலை உயர்த்தியும் பேசப்படும் ஒரு பொருள் உண்டு. கருவைக் கலைத்தல் குற்றமா, பாவமா, இரண்டுமா, சிலவேளை இரண்டும் அன்றா என்பதே அது. அந்த வழக்கின் வேர்களைத் தேடிப் போகின்றவர், சட்டப் புத்தகத்தை மாத்திரம் விரித்து வைத்திருந்தால் வழி தவறுவார். மேனாட்டு வைத்தியமும், கிறிஸ்தவ சபைகள் இரண்டும், சைவக் குடிகளும், அயலிலே சில்லாலைப் பரியாரிமாரும் ஒரே சுற்றாடலில் வாழ்ந்த பண்டத்தரிப்பு போன்ற ஓர் ஊரிலிருந்து பார்ப்பதே நல்லது.

ஸ்கடர் இங்கு வந்த காலத்தில் அவருடைய சொந்த நாட்டிலேயே இது குறித்து எழுதப்பட்ட சட்டம் இருக்கவில்லை. கொனெக்ரிகட் மாநிலம் முதற் சட்டத்தை இயற்றியது அடுத்த ஆண்டாகிய 1821இலே தான். இங்கிலாந்து 1803இல் இயற்றியிருந்தது. அக்காலத்து வைத்தியருக்குச் சட்டத்தைவிடப் பழைய கட்டொன்று இருந்தது. கிரேக்க வைத்தியராகிய கிப்போக்கிரதேசின் பெயரால் வழங்கும் சபதம், கருவை அழிக்கும் மருந்தைப் பெண்ணுக்குக் கொடேன் என்று வைத்தியனைச் சொல்ல வைக்கின்றது. நம் நாட்டு மரபும் இதில் இளகியதன்று. சிசுவதையைத் தரும நூல்கள் மகாபாதகங்களோடு வைத்து எண்ணின. சுசுருத சங்கிதை, பிரசவத்திலே தடைப்பட்டு இறந்துபோன கருவை ஆயுதத்தால் எடுக்கும் முறையை விரிவாகக் கூறிவிட்டு, உயிருள்ள கருவை ஒருபோதும் வெட்டலாகாது, வெட்டினாற் தாயும் சேயும் இருவரும் அழிவர் என்று எச்சரிக்கின்றது.

ஆனால் ஒரு வேறுபாட்டை வாசகர்கள் கவனிக்க வேண்டும். பாவம் என்று சொல்லுவது வேறு. மறியலுக்கு அனுப்புவது வேறு. 1707ஆம் ஆண்டு ஒல்லாந்தத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமை, சீதனம், முதுசம், ஈடு, அடிமை, சுவீகாரம் என்று எத்தனையோ விடயங்களை நுணுகிப் பேசுகின்றது. கருவைக் கலைத்தவளுக்கு இன்ன தண்டனை என்று அதில் ஓரிடத்தும் இல்லை. அதே நூலில், பிறர் பெற்ற பிள்ளையைத் தம் பிள்ளையாக எடுப்போர் உறவினர் முன்னிலையில் மஞ்சள் நீர் குடிக்கும் சடங்கு மட்டும் தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கின்றது. வேண்டாத பிள்ளையை விரும்பும் வீட்டுக்குக் கொடுக்க நம் முன்னோர் ஒரு வாயில் திறந்து வைத்திருந்தனர். இன்று அந்தச் சடங்கு வழக்கொழிந்துவிட்டது.

மறியல் வந்தது ஆங்கிலேயரோடு. மக்கோலே பிரபு முதலில் வரைந்து 1860இல் இந்தியாவில் நிறைவேறிய கோவையைப் பெரும்பாலும் ஒற்றி, 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாக இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை பிறந்தது. 1885 சனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. அதன் 303ஆம் பிரிவு, கருவுற்ற பெண்ணின் கருவை வேண்டுமென்றே சிதைத்தவருக்கு மூன்றாண்டு வரை மறியலோ குற்றப்பணமோ இரண்டுமோ விதிக்கின்றது. வயிற்றிற் பிள்ளை துடிக்கத் தொடங்கியபின் செய்தால் ஏழாண்டு வரை. தன் கருவைத் தானே கலைத்த பெண்ணும் இதற்குள் அடங்குவாள் என்று விளக்கக் குறிப்பொன்றும் உண்டு. அவளுடைய சம்மதமின்றிச் செய்தவருக்கு அடுத்த பிரிவு இருபதாண்டு வரை விதிக்கின்றது. விலக்கு ஒன்றேயொன்று: தாயின் உயிரைக் காக்கும் நோக்கத்தோடு நல்லெண்ணத்துடன் செய்யப்பட்டால் குற்றமில்லை.

இப்பிரிவைச் சற்று ஊன்றிப் படித்தால் வியப்பே மிஞ்சும். வைத்தியர் என்ற சொல்லே அதில் இல்லை. உயிருக்கு ஆபத்து என்று யார் தீர்மானிப்பது, எத்தனை பேர் தீர்மானிப்பது, எத்தனை வாரம் வரை என்பன பற்றிய பேச்சே இல்லை. தண்டனையை இரட்டிப்புக்கு மேலாக்கும் அந்தத் 'துடிப்பு' என்பது என்ன? பெரும்பாலும் பதினாறு முதல் இருபது வாரத்துக்குள் தாய் தன் வயிற்றில் உணரும் அசைவு அது. அதை உணர்ந்தவள் அவள் ஒருத்தியே. குற்றஞ் சாட்டப்படுபவளும் அவளே. அவளைக் கருவுறச் செய்துவிட்டுக் கைகழுவிப் போனவனைக் குறித்து அப்பிரிவில் ஒரு சொல்லும் இல்லை. சட்டம் வரைந்த கனவான்கள் அனைவரும் ஆடவர் என்பதை நாம் இங்கே சொல்லாமலே வாசகர் ஊகித்துக்கொள்வர்.

'தாயின் உயிரைக் காத்தல்' என்ற அந்த விலக்கு வெறுஞ் சொல்லலங்காரம் அன்று. அதன் பின்னால் இரத்தமும் கண்ணீரும் இருந்தன. மானிப்பாயில் 1848 முதல் வைத்தியப் பணி செய்த டாக்டர் சாமுவேல் கிறீன், தமிழிலே மேனாட்டு வைத்தியங் கற்பித்தவர் என்பதை நம் மாணவர் அறிவர். அவருடைய முயற்சியால் 1857இல் மோன்செல் என்பாரின் பிரசவ வைத்திய நூல் தமிழில் அச்சாயிற்று. அந்நாளையப் பிரசவ வைத்தியர் எவரும் அஞ்சிய நிலைமை ஒன்றுண்டு. இடுப்பெலும்பு ஒடுங்கிய தாயின் வயிற்றிற் பிள்ளை சிக்கிக்கொள்ளும். வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்தால், புண் சீழ்கொண்டு தாய் பெரும்பாலும் இறப்பாள். வாளாவிருந்தால் இருவரும் இறப்பர். ஆகவே பிள்ளையின் தலையை உடைத்து வெளியே எடுத்துத் தாயைப் பிழைக்க வைப்பதே பல நாடுகளிலும் வைத்தியர் கைக்கொண்ட வழி. அதைச் செய்த வைத்தியர் எவரும் அதன் பின் அன்றிரவு நிம்மதியாக உறங்கியிருப்பார் என்று நாம் நம்பவில்லை.

இலங்கைச் சட்டம் இதனை அனுமதித்தது. றோமாபுரியோ மறுத்தது. நமது கோவை நிறைவேறிய மறு ஆண்டாகிய 1884இல், இச்செய்கை ஆகுமென்று கத்தோலிக்கப் பாடசாலைகளிற் கற்பித்தல் கூடாதென்று பாப்பரசரின் திருச்சபை மன்று தீர்ப்பளித்தது. தாயைக் காப்பதற்காயினும் குற்றமற்ற மற்றோருயிரை நேரே கொல்லலாகாது என்பதே அதன் சாரம். கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும் அயலவராக வாழும் ஊர்களில், ஒரே நோவுக்கு இரு மதத்தார் இரு விடை கூற வேண்டிய நிலை அதனால் எழுந்தது. இரு பக்கமும் உயிரின் பெயராலேயே வாதாடின. உயிரை மதிப்பவர் ஒரு கட்சி, மதியாதவர் மறு கட்சி என்று இவ்விவாதத்தைப் பிரிப்பவர்கள் இந்த வரலாற்றைப் படிக்கவில்லை என்றே நாம் சொல்லுவோம்.

அந்த வழக்கு எந்த மன்றிலும் தீர்ந்ததில்லை. நோய்க்கிருமிகளை அழிக்கும் முறையும், பின்னர் இரத்தம் ஏற்றும் முறையும், கிருமிகொல்லி மருந்துகளும் வந்தபின் வயிற்றைக் கீறிப் பிள்ளையெடுத்தல் அச்சந் தீர்ந்த சிகிச்சையாயிற்று. தாயும் பிழைத்தாள், சேயும் பிழைத்தது. இணுவிலில் 1898இல் பெண்களுக்கென்று தொடங்கிய மக்லியட் ஆஸ்பத்திரியும், கிராமந்தோறும் சென்ற அரசாங்க மருத்துவ மாதரும் நம் பகுதியிற் செய்த தொண்டு பெரிது. இலங்கையில் 1930களில் இலட்சம் பிரசவத்துக்கு 2,000க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தனர். இந்நூற்றாண்டில் அத்தொகை முப்பதை அண்டியதாகக் குறைந்தது.

வைத்தியம் இவ்வளவு தூரம் நடந்தபோது சட்டம் நின்ற இடத்திலேயே நின்றது. இங்கிலாந்தில் 1938இல் டாக்டர் அலெக் போர்ன் என்பவர், போர்வீரர்களால் கெடுக்கப்பட்ட பதினான்கு வயதுச் சிறுமியின் கருவைக் கலைத்துவிட்டுத் தாமே பொலிசாருக்கு அறிவித்தார். உடலும் உள்ளமும் சிதைந்து போவதைத் தடுப்பதும் உயிரைக் காத்தலில் அடங்கும் என்று நீதிபதி யூரர்களுக்கு விளக்க, அவர் விடுதலையானார். 1967இல் அந்நாடு புதுச் சட்டமே இயற்றியது. நமது கோவைக்குத் தாய்க்கோவை வைத்திருந்த இந்தியாவும் 1971இல் தனிச் சட்டம் கண்டு, 2021இல் அதைத் திருத்தி, இருபது வாரம் வரை ஒரு வைத்தியரின் கருத்தோடும், சில வகைப் பெண்களுக்கு இருபத்துநான்கு வாரம் வரை இரு வைத்தியரின் கருத்தோடும் அனுமதித்தது.

இலங்கையிலும் முயற்சி இல்லாமற் போகவில்லை. 1995இல் தண்டனைக் கோவை திருத்தப்பட்டபோது, வன்புணர்ச்சியால் உண்டான கருவுக்கும் முறைகெட்ட உறவில் உண்டான கருவுக்கும் விலக்களிக்கும் வாசகம் முன்வைக்கப்பட்டது. எதிர்ப்பு எழவே அது கைவிடப்பட்டது. அதே திருத்தம் பதினாறு வயதுக்குட்பட்ட சிறுமியின் சம்மதம் சம்மதமே அன்று என்று வகுத்ததை வாசகர்கள் நினைவிற் கொள்க. உறவுக்குச் சம்மதிக்க வயது போதாத சிறுமி, அதனால் வந்த பிள்ளையைச் சுமக்க மட்டும் வயது போதியவள் ஆனாள். 2017இல் நீதியரசர் புவனேக அலுவிகாரையின் தலைமையிலான குழு ஆராய்ந்து கூறியபின், வன்புணர்ச்சியால் வந்த கருவுக்கும் பிழைக்கவே மாட்டாத பெருங்குறையுடைய கருவுக்கும் இடமளிக்க அமைச்சரவை இணங்கியது. கத்தோலிக்க ஆயர்கள் எதிர்த்தனர். வேறு மதத்தலைவர் சிலரும் எதிர்த்தனர். சட்டமூலம் சட்டமாகவில்லை.

எதிர்த்தோர் வாதத்தைக் கண்மூடித் தள்ளிவிடுதல் நேர்மையன்று. கதவைச் சிறிது திறந்தாற் காற்று முழுவதும் உட்புகும் என்கின்றனர். இந்தியாவில் நிகழ்ந்ததைக் காட்டுகின்றனர். அங்கே வயிற்றில் இருப்பது பெண் என்றறிந்து அழிக்கும் கொடுமை பெருகி, அதைத் தடுக்க 1994இல் வேறொரு சட்டம் வேண்டியிருந்தது. அப்படியும் 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் ஆறு வயது வரையான ஆண் மக்கள் ஆயிரவருக்குப் பெண் மக்கள் 920க்கும் குறைவாகவே இருந்தனர். சீதனம் என்னும் சுமையை இன்னும் இறக்கி வைக்காத நம் சமூகம் இதைப் படித்துத் திடுக்கிட வேண்டும். குறைபாடு என்ற சொல் எங்கே நிற்கும் என்பதும் நியாயமான கேள்வியே. மண்டையோடும் மூளையும் உருவாகாமற் பிறந்த சில மணி நேரத்திலே மடியப் போகும் சிசு வேறு. கால் வளைந்த பிள்ளை வேறு.

ஆனால் மறுபக்கத்தையும் பார்ப்போம். அயர்லாந்து தேசத்தில் 2012 ஒற்றோபரில், கன்னட நாட்டிலிருந்து சென்று வாழ்ந்த பல் வைத்தியர் சவிதா ஹலப்பனவர், பதினேழு வாரத்திற் கரு தானே சிதையத் தொடங்கிய நிலையில் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கரு தங்காது என்று தெரிந்தும், அதன் இருதயம் துடிக்கும் வரை தொடலாகாதென்று சட்டத்துக்கு அஞ்சி வைத்தியர் காத்திருந்தனர். இரத்தத்தில் நஞ்சேறி அவர் இறந்தார். தாயின் உயிர் காக்க மாத்திரம் விலக்களித்த சட்டந்தான் அங்கும் இருந்தது. ஆபத்து வரும்வரை காத்திருந்தால் ஆபத்து வந்தே விடும் என்பதைக் கண்ட அந்நாட்டு மக்கள், 2018 மே மாதத்தில் மூன்றில் இரு பங்கினர் வாக்களித்துத் தம் அரசியலமைப்பையே மாற்றினர். கத்தோலிக்கர் பெரும்பான்மையினராய் வாழும் நாடு அது.

நம் நாட்டிற் கருக்கலைப்பு நடைபெறவில்லை என்று நினைப்பவர் யாராயினும் இருந்தால் அவருக்கு ஒரு வார்த்தை. நாளொன்றுக்கு 650 அளவில் நடைபெறுகின்றன என்று 1990களின் இறுதியில் மதிப்பிட்ட ஆய்வு நெடுங்காலமாக எடுத்தாளப்பட்டு வருகின்றது. மறைவில் நடப்பதை எண்ணுவது எளிதன்று. தொகை கூடலாம், குறையலாம். அவருட் பெரும் பகுதியினர் மணமான பெண்கள், முன்னரே பிள்ளை பெற்றவர்கள் என்பது ஆய்வாளர் கண்டது. வழி தவறிய கன்னியர் கதை என்றே இதனை நினைத்துப் பேசும் நம் பெரியவர்களுக்கு இது கசக்கும். கையிற் பணமுள்ளவர் கடல் கடந்து போய் வருகின்றனர். இல்லாதவர் யாரோ சொன்ன வேரையும், கடையில் ஒளித்து விற்கும் குளிசையையும் நாடுகின்றனர். பண்டத்தரிப்பு மகளிர்க்கும் கொழும்பு மகளிர்க்கும் சட்டம் ஒன்றே. பிடிபடுவதும் இரத்தஞ் சிந்துவதும் ஒன்றாக இல்லை.

குடும்பங்களுக்கு ஒன்றை மட்டும் இங்கே தெளிவாக எழுதிவைக்க விரும்புகின்றோம், பலரும் இதைப் பிழையாக விளங்கியிருப்பதால். 303ஆம் பிரிவு கருவைச் சிதைப்பதையே தண்டிக்கின்றது. கரு எவ்வாறு சிதைந்திருப்பினும், அதன் பின் இரத்தப் பெருக்கோடும் காய்ச்சலோடும் ஆஸ்பத்திரிக்கு வரும் பெண்ணுக்குச் சிகிச்சை செய்வதை அது தடுக்கவில்லை. தெல்லிப்பழையிலும் யாழ்ப்பாணத்திலும் உள்ள அரசாங்க வைத்தியசாலைகள் அவளை ஏற்கக் கடமைப்பட்டவை. வாயிலில் நிற்கும் காவலரைக் கண்டு அஞ்சி இரண்டு நாள் வீட்டிலே படுத்திருந்துவிட்டு மூன்றாம் நாள் வருபவளுக்கே வைத்தியர் செய்யக் கூடியது குறைந்து போகின்றது.