ட்ரையர் வாங்கினேன்... கணக்குப் போட்டு!



மழைக்காலம் வந்தாலே துணி காய வைப்பது நமக்கெல்லாம் பெரிய தலைவலி. ஹாலில் குறுக்கே கொடி கட்டி, ஃபேனைப் போட்டு, கடைசியில் அயர்ன் பாக்ஸால் தேய்த்து என்று நானும் பல வருஷம் ஓட்டியவள்தான். "வெயில் கொளுத்துற சென்னையில துணி காய வைக்க ஒரு மெஷினா?" என்று கேலியும் பேசியிருக்கிறேன்.

என் மாமியாருக்கு 2022-ல் பக்கவாதம் வந்து இடது பக்கம் செயலிழந்துவிட்டது. அன்றிலிருந்து படுக்கைதான். தினமும் இரண்டு, மூன்று பெட்ஷீட், பழைய வேட்டித் துணிகள், நைட்டி என்று துவைக்க விழும். இரவில் டயாபர் போடுகிறோம். பகலிலும் போட்டால் தோல் புண்ணாகிவிடுகிறது. வெயில் நாளில் கவலையில்லை. மொட்டை மாடியில் போட்டால் மதியத்துக்குள் மொறமொறவென்று காய்ந்துவிடும்.

2023 மழைக்காலத்தில்தான் மாட்டிக்கொண்டேன். நவம்பரிலேயே மழை பிடித்துக்கொண்டது. டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல் வேறு. வீடு முழுக்க ஈரத் துணி, ஒரே முடை நாற்றம். ஒருநாள் காலை மாற்றிப் போட உலர்ந்த விரிப்பு ஒன்றுகூட இல்லை. "அதுக்குள்ள மூணாவது தடவையா?" என்று அலுப்பில் சொல்லிவிட்டேன். அத்தை ஒன்றும் பேசவில்லை.

அதற்கப்புறம் தண்ணீர் கொடுத்தால், "வேணாம்மா, தாகமில்லை" என்பார். காப்பியும் பாதியோடு சரி. மழைக்குளிருக்கு அப்படித்தான் இருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் நடுக்கத்தோடு ஜுரம். டாக்டர் பரிசோதித்துவிட்டு, சிறுநீரில் கிருமி இருக்கிறது என்றார். "தண்ணி சரியா குடிக்கிறதில்லையா?" என்றும் கேட்டார். ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து விசாரித்தேன். "துணி காயலன்னு நீ படற பாட்டைப் பார்க்கிறேனேம்மா... குடிச்சாதானே நனையும்" என்றார். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அன்றைக்கே முடிவு செய்தேன், ட்ரையர் வாங்குவதென்று.

என் கணவர், "கடன் வாங்கியாவது இருக்கிறதிலேயே நல்லதா வாங்கிடலாம்" என்றார். நான் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவள். ஆனால் வீட்டுக் கணக்கு என்னுடையதுதானே? நாலு கடை ஏறி இறங்கி விசாரித்தேன்.

முதலில் ஒரு விஷயம். நம் செமி ஆட்டோமேடிக் மெஷினில் இரண்டாவது தொட்டியை ட்ரையர் என்கிறோமே, அது துணியைச் சுற்றிப் பிழிவது மட்டும்தான். காய வைக்காது. நிஜமான ட்ரையர் சூடான காற்றை உள்ளே ஊதி ஈரத்தை இழுத்துவிடும்.

அதில் மூன்று வகை. ஒன்று, ஹீட்டரால் சூடாக்கி, ஈரக் காற்றைக் குழாய் வழியாக வெளியே தள்ளுவது. விலை குறைவு. ஆனால் ஜன்னல், பால்கனி பக்கம் வைத்துக் குழாயை வெளியே விட வேண்டும். இல்லாவிட்டால் ஈரமெல்லாம் அறைக்குள்ளேயே தங்கிவிடும். இரண்டாவது கண்டென்ஸர். ஈரத்தைத் தண்ணீராக்கி ஒரு டப்பாவில் பிடிக்கும், நாம் கொட்டிவிட வேண்டும். மூன்றாவது ஹீட் பம்ப். ஒரு தடவை உண்டாக்கிய சூட்டையே திரும்பத் திரும்ப உபயோகிப்பதால் கரன்ட் கிட்டத்தட்ட பாதிதான். சூடு குறைவு என்பதால் துணிக்கும் நல்லது, ஆனால் நேரம் கூடுதல். நான் பார்த்த கடைகளில் முதல் வகையைவிட இது 30 ஆயிரம் ரூபாய் வரை அதிகம்.

துவைத்து, காய வைத்தும் தரும் ஒரே மெஷினையும் காட்டினார்கள். துவைக்கிற அளவு துணியை ஒரே தடவையில் அது காய வைக்காது, பிரித்துத்தான் போட வேண்டும். அதனால் எனக்குச் சரிப்படவில்லை.

விற்பனைப் பையன், "ஹீட் பம்ப்தாங்க்கா சிக்கனம்" என்றான். அவன் சொன்னது பொய்யில்லை. ஆனால் யாருக்குச் சிக்கனம் என்று வீட்டுக்கு வந்து நோட்டில் கணக்குப் போட்டேன். ஹீட்டர் மெஷின் 2000 வாட். ஒரு மணி நேரம் ஓடினால் 2 யூனிட். ஹீட் பம்ப்பில் அதே துணிக்கு சுமார் 1 யூனிட். ஆக ஒரு தடவைக்கு 1 யூனிட் மிச்சம். எனக்கு ட்ரையர் தேவைப்படுவது வருஷத்தில் சுமார் 80 நாள். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தாலும் வருஷத்துக்கு 640 ரூபாய்தான் மிச்சம். கூடுதலாகக் கொடுக்கும் 30 ஆயிரத்தை எடுக்க 40 வருஷத்துக்கு மேல் ஆகும்! மொட்டை மாடியே இல்லாமல் தினமும் இரண்டு தடவை ஓட்டுகிற வீடென்றால், அதே பணம் ஐந்து வருஷத்தில் திரும்பிவிடும். அவர்களுக்கு ஹீட் பம்ப்தான் சரி.

எங்கள் வீட்டில் மாடியும் உண்டு, பால்கனியும் உண்டு. அதனால் குழாய் வைத்த சாதாரண மெஷினே வாங்கினோம். மாட்டியதும் வீட்டில் மற்றதையெல்லாம் அணைத்துவிட்டு, மீட்டரைப் பார்த்து ஒரு தடவை ஓட்டினேன். கிட்டத்தட்ட அதே 2 யூனிட்தான்.

வாங்கப்போகும் சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள்:

* துணியை இரண்டு தடவை பிழியவிட்டுப் போடுங்கள். சுற்றிப் பிழிய ஆகும் கரன்ட் கொஞ்சம்தான். அதே தண்ணீரைச் சூடு காட்டி விரட்டத்தான் நிறைய ஆகும்.

* துணி காய்ந்ததும் தானே நிற்கும் சென்சார் உள்ளதா என்று கேளுங்கள். வெறும் டைமர் மட்டும் என்றால் காய்ந்த பிறகும் வீணாக ஓடிக்கொண்டிருக்கும்.

* 16 ஆம்பியர் பிளக், சரியான எர்த் கட்டாயம் வேண்டும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எக்ஸ்டென்ஷன் வயரில் போடவே கூடாது.

* பஞ்சு வடிகட்டியை ஒவ்வொரு தடவையும் சுத்தம் செய்யுங்கள். அடைத்தால் கரன்ட் அதிகமாகும், தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. எண்ணெய் ஊறிய துணி, ரப்பர் ஷீட் இரண்டையும் உள்ளே போடவே போடாதீர்கள்.

* விலையைக் கேட்கும்போதே உங்கள் ஊரில் சர்வீஸ் உண்டா, பெல்ட் போன்ற பாகங்கள் கிடைக்குமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

* புயலில் கரன்ட் போனால் ட்ரையரும் சும்மாதான் நிற்கும். நான் ஆறு பெட்ஷீட்டுகளைத் தனியாகக் காய்ந்தபடி பீரோவில் வைத்திருக்கிறேன்.

2024 மழைக்காலம் எங்களுக்குச் சிரமமில்லாமல் போனது. ஆனாலும் அத்தையின் பழைய பயம் ஒரே நாளில் போய்விடவில்லை. மெஷினிலிருந்து எடுத்த பெட்ஷீட்டை அவர் கையில் கொடுத்து, "தொட்டுப் பாருங்கத்தை, எப்படி காஞ்சிருக்கு" என்று தினமும் காட்டினேன். ஒரு வாரம் கழித்து ஒருநாள், "அம்மாடி, கொஞ்சம் தண்ணி குடு" என்று அவராகவே கேட்டார். தம்ளர் நிறையக் கொடுத்தேன்.

வீட்டில் படுக்கையில் பெரியவர்கள் இருந்தால், அவர்கள் தண்ணீர் குடிக்கிறார்களா என்று தினமும் பாருங்கள். நாம் அலுப்பில் சொல்லும் ஒரு வார்த்தை அவர்களை எங்கே தடுக்கிறது என்று நமக்குத் தெரிவதேயில்லை. எனக்கும் தெரியவில்லை.

- ஒரு வாசகி, சென்னை.